கூறைப் புடவை கட்டிய காடு

கத்திரிக்கோல் ஜரிகையில் போய்ச் சிக்கிக்கொண்டது.

பள்ளிக்கூடத்துக் கத்திரிக்கோல் அது. பிள்ளைகளுக்குக் கடதாசிப் பூ வெட்டிக் காட்டியே மழுங்கிப் போயிருந்தது. மேசைமேல் என் கல்யாணக் கூறைப் புடவை விரிந்து கிடந்தது. அரக்குச் சிவப்பு. கையகல ஜரிகைக் கரை, கரை நெடுக மாங்காய். இவர் எதிரே நின்று இரண்டு கையாலும் புடவையை இழுத்துப் பிடித்திருந்தார். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"ராஜம், வேணாம்னா இப்பவும் விட்டுறலாம். தொரைகிட்ட நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன்."

"பேசாம இழுத்துப் புடிங்க" என்றேன். எனக்கு அழுகை வருகிற நேரத்திலெல்லாம் முதலில் கோபம்தான் வரும்.

ஜரிகையைப் பல்லால் கடித்து அறுத்தேன். அதற்கப்புறம் கிழிப்பது சுலபமாக இருந்தது. அலுமாரியில் புடவையோடு போட்டு வைத்திருந்த வசம்பு வாசனை அறை முழுக்க எழுந்தது. எட்டுத் துண்டு. முந்தானையில் மட்டும் கத்திரி வைக்க மனம் வரவில்லை. அதை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

போன வாரம் நான் எழுதிய, பள்ளிக்கூடத்துக் கூரை காற்றில் பறந்த கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் அந்தத் தோட்டத்தில் இருந்த காலம் முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டேதான் இருந்தீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆமாம் அம்மா, திட்டினேன். திட்டாத நாளில்தான் எனக்கு உடம்புக்கு முடியாமல் வரும். ஆனால் இந்தப் புடவை விஷயத்தில் நான் யாரையும் திட்ட முடியவில்லை. எடுத்துக் கொடுத்ததும் நான், கிழித்ததும் நான்.

துரைக்கு வந்த யோசனை

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இலங்கையில், மாத்தளையை ஒட்டிய எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் டிவிஷனில் இவர், அதாவது என் வீட்டுக்காரர், கணக்கப்பிள்ளை. நான், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு டீச்சர். அரிசிக்குக் கூப்பன், துணிக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்கு வரிசை. தேயிலை காய வைக்கிற ஸ்டோருக்கோ விறகு போதவில்லை.

அந்த விறகில்தான் எல்லாம் தொடங்கியது.

லயத்துக்கு மேலே ஒரு காடு இருந்தது. தேயிலை ஏறாத செங்குத்துச் சரிவு. காட்டுப் பலாவும் நாக மரமும் அத்தியும் அடர்ந்து, உள்ளே போனால் பகலிலும் இருட்டிக் கிடக்கும். அதன் நடுவில் ஓர் ஊற்று. அந்தத் தண்ணீர்தான் கல்லிடுக்கில் இறங்கி, மூங்கில் வழியாக எங்கள் லயத்துப் பீலியில் வந்து விழும். குடிக்க, குளிக்க, பிறந்த பிள்ளையைக் கழுவ, செத்தவரைக் குளிப்பாட்ட, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பீலிதான்.

காட்டை வெட்டினால் ஊற்று செத்துவிடும். இதைச் சொல்ல இஞ்சினியர் வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வெட்டினார்கள். அங்கே பெண்கள் காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகும் முன்னே ஆற்றுக்கு இறங்கிக் குடம் சுமந்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்து மானேஜர் பெரியதுரைக்கு அந்தக் காடு விறகாகவே தெரிந்தது. வெட்டுவதற்குக் கொழும்புக் கம்பெனியின் உத்தரவு வேண்டும். உத்தரவு கொடுக்கிறவர், வருஷத்துக்கு ஒருமுறை தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க வரும் வி.ஏ. துரை. அவர் அடுத்த மாதம் வருவதாக இருந்தது.

பெரியதுரைக்குக் கீழே இருந்த சின்னத்துரை சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குருவி பார்க்கிறேன் என்று அந்தக் காட்டுக்குள்ளேயே கிடப்பார். ஒரு நாள் சாயந்திரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கணக்கப்பிள்ளே, காடு வெட்ட வேணாம். ஒரு வெளாட்டு வைப்போம்."

அவருடைய தமிழை நான் விளங்கிக்கொண்ட வரைக்கும் விளையாட்டு இதுதான். காட்டுக்குள் எட்டு இடத்தைத் தேர்ந்தெடுத்து அடையாளம் வைக்க வேண்டும். ஓடுகிறவர்கள் கையில் ஒரு படம், ஒரு காம்பஸ். வேறு ஒத்தாசை கிடையாது. இரண்டிரண்டு பேராகப் போய் எட்டு இடத்தையும் கண்டுபிடித்து யார் முதலில் திரும்பி வருகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. பட்டாளத்தில் பழக்குகிற வித்தையாம். சுற்றுவட்டாரத் துரைமாரும் கிளாக்கர்மாரும் டீமேக்கர்மாரும் வந்து ஓடி, வருஷா வருஷம் இங்கேயே நடத்தலாம் என்று சொல்லிவிட்டால், வி.ஏ. துரை காட்டில் கை வைக்க விடமாட்டார். அவரே பந்தயம் என்றால் உயிரை விடுகிறவராம்.

துரை போன பிறகு நான் வெடித்தேன். "தண்ணி வேணும்னு இத்தன சனம் கேட்டா காது கேக்காது. தொரைமாருக்கு ஓடிப் புடிச்சு வெளையாடணும்னா மட்டும் காடு நிக்குமாக்கும்!"

"எதுக்காக நின்னா என்ன? நின்னா சரி" என்றார் இவர். அதுதான் இவர் குணம். என்ன சொல்லித் திட்டுவது?

இடுப்பில் கத்தி, கையில் காம்பஸ்

தோட்டத்துப் பழைய பிளானில் அந்தக் காடு வெறும் பச்சைத் திட்டு. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஞாயிறு தோறும் இவரும் சின்னத்துரையும் காட்டுக்குள் ஏறினார்கள். நானும் போனேன். படம் வரைய மூவரில் எனக்குத்தான் கை வரும்.

அட்டைக் கடிக்குச் சவர்க்காரமும் உப்பும் காலில் குழைத்துப் பூசிக்கொண்டு போவோம். ஊற்றுப் பக்கம் போனால் எந்தச் சவர்க்காரமும் எடுபடாது. திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பார்த்துப் பிடுங்குவோம். இரத்தம் நிற்கிற வரைக்கும் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதல் நாள் காம்பஸ் ஊசி இவர் கையில் ஒரு திசை, துரை கையில் ஒரு திசை காட்டியது. துரை தலையைச் சொறிந்தார். இவர் காம்பஸில் பேய் இருக்கிறது என்றார். கடைசியில் பார்த்தால், இவர் இடுப்பில் செருகியிருந்த, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திதான் ஊசியை இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி என்னிடம் கொடுத்த பிறகு ஊசி அடங்கியது. அப்புறம் நான் கத்தியோடு அவர்களுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தேன்.

எட்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டாகப் பிளந்த பாறை, கரி சுட்ட பழைய குழி, இரண்டு ஓடை சேருகிற இடம், தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்திலிருந்து காடாகிப் போன கோப்பிப் புதர், ஊற்றடி அத்தி மரம், இப்படி. ரொம்பச் சுலபமாக இருந்தால் ஓடுகிறவர்களுக்குச் சப்பென்று போய்விடும், ரொம்பக் கஷ்டமாக இருந்தால் காட்டையே வெறுத்துவிடுவார்கள் என்று சின்னத்துரை ஒவ்வொரு இடத்துக்கும் மல்லுக்கட்டினார். ஊற்றை வி.ஏ. துரை கண்ணால் பார்க்கவேண்டும் என்று அத்தி மரத்தைச் சேர்க்கச் சொன்னது நான்.

ஓடுகிறவர்கள் அந்த இடத்துக்கு உண்மையாகவே போனார்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே? அதற்கும் நான்தான் வழி சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு தேங்காய்ச் சிரட்டை தொங்கும். ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் மிளகு, அடுத்ததில் கராம்பு, சாதிக்காய், கோப்பி, கொக்கோ, தேயிலைக் கொட்டை, புளியங்கொட்டை. எட்டிலும் ஒவ்வொன்று எடுத்து வந்தால் எட்டு இடமும் போனதாகக் கணக்கு. மாத்தளையில் இதற்கா பஞ்சம்? துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"யாருக்கும் சொல்லாதே" என்று துரை திரும்பத் திரும்பச் சொன்னார். இடங்கள் வெளியே தெரிந்தால் போட்டியே இல்லை. நாங்களும் சொல்லவில்லை. லயத்தில் கேட்டதற்கு, "தொரை குருவி பாக்குறாரு" என்று சொல்லிவைத்தோம். அந்த ரகசியம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

மாத்தளையில் சிவப்பு இல்லை

சிரட்டை தொங்கும் மரத்தில் தூரத்திலேயே தெரிகிற மாதிரி ஒரு துணி கட்ட வேண்டும். சின்னத்துரை மாவுச் சாக்கை வெள்ளைத் துணியாகக் கிழித்துக் கொடுத்தார். கட்டிப் பார்த்தோம். மலைமேல் பனிமூட்டம் இறங்கியதும் பத்தடியில் இருந்த துணி காணாமல் போய்விட்டது. சிவப்புத்தான் வேண்டும் என்றானது.

மாத்தளைக்கு இறங்கினேன். கடைவீதியில் நாங்கள் வழக்கமாகத் துணி எடுக்கிற முஸ்லிம் நானாவின் கடை. அலமாரித் தட்டெல்லாம் காலி.

"செவப்பா? அல்லாவே, எங்க புள்ள போறது! கூப்பன் வச்சிருந்தாலும் சாமான் வரணுமே. கறுப்புத் துணி கெடக்கு, தரட்டா? குண்டு போடுற பயத்துல ஜன்னலுக்குப் போட எல்லாரும் அதத்தான் கொண்டுபோறாங்க."

"கறுப்ப வச்சிக்கிட்டு நான் என்ன நானா செய்ய?"

"நானும் அதத்தான் யோசிக்கிறேன். பெருநாளைக்கி எம் பொண்டாட்டிக்கிக் கறுப்பா எடுத்துக் குடுக்க ஏலும்?"

வெறுங்கையோடு திரும்பினேன். மறுநாள் காலை பீலியடியில் ஒரே சண்டை. அந்த வருஷம் மழை பின்தங்கி, தண்ணீர் விரல் தண்டிக்குத்தான் விழுந்தது. வரிசையில் முந்திய குடத்தை ஒருத்தி தூக்கி எறிந்தாள். அது உருண்டு போய் நசுங்கியது. காடு இருக்கும்போதே இந்தப் பாடு என்றால் காடு போன பிறகு என்ன ஆகும்?

லயத்தில் யாரிடமாவது சிவப்புச் சேலை கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். என்னிடம் சிவப்பென்று இருந்தது ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு காரியம்

போட்டி ஞாயிற்றுக்கிழமை. துணியையும் சிரட்டையையும் முதல்நாள், சனிக்கிழமை, கட்டச் சொல்லியிருந்தார் துரை. சனிக்கிழமை ஒரு நல்ல காரியத்தைத் தொடங்குவாரா இவர்? வெள்ளிக்கிழமை மத்தியானமே கட்டிவிட்டு வந்துவிட்டார்.

கட்டியதோடு விட்டாரா என்றால், அதுவும் இல்லை. மலைத்தோட்டத்தில் எந்த வேலையைத் தொடங்கினாலும், புது மலை வெட்டினாலும் கவ்வாத்துக்கு இறங்கினாலும், ஒரு கட்டி சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். இவர் எட்டு மரத்தடியிலும் கல் வைத்து அதன்மேல் சூடம் ஏற்றியிருக்கிறார். பிளந்த பாறையில் தேங்காயும் உடைத்திருக்கிறார். காடு பிழைக்க வேண்டுமே என்ற கவலை மனுஷனுக்கு.

எனக்குச் சாமி, பூதத்தில் நம்பிக்கை கம்மி. படிக்கிற வயதில் பகுத்தறிவுப் பேச்செல்லாம் கேட்டு வளர்ந்தவள். இவர் சூடம் ஏற்றினால் நான் நகைப்பேன். இவர் கோபிக்கவும் மாட்டார், ஏற்றாமல் இருக்கவும் மாட்டார்.

சனிக்கிழமை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் பங்களாவில். விருந்தாளிகளுக்குத் தேநீர், கதிரை, படங்களை ஆளுக்கொன்றாகப் பிரதி எடுப்பது என்று ஓயாத வேலை. லயத்தில் சனிக்கிழமை அரை நாள். மத்தியானத்துக்கு மேல் பெண்கள் விறகு பொறுக்கக் காட்டுக்குப் போவார்கள். எனக்கும் அது தெரியும், இவருக்கும் தெரியும். துணி அவர்கள் கண்ணில் படும் என்பது மட்டும் எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

வடக்குப் பாதையில் ஒரு துணி

இந்த இடத்தில் என் அப்பா சொன்னது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கோப்பிக் காலத்தில் அவருடைய பெரியவர்கள் கடல் தாண்டி வந்து, மன்னாரிலிருந்து வடக்குப் பாதை என்கிற காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். வழி நெடுக விழுந்து செத்தவர்களுக்குக் கணக்கில்லை. நல்ல தண்ணீர் உள்ள இடத்தைக் கண்டால், முன்னால் போகிற கூட்டம் தங்கள் துணியில் ஒரு கிழிசலை மரத்தில் கட்டிவிட்டுப் போகுமாம். பின்னால் வருகிறவர்கள் அதைக் கண்டால் இறங்கிப் போய்க் குடிக்கலாம். துணியைக் கண்டதும் சிலர் தண்ணீர் குடிக்கும் முன்னே மரத்தை விழுந்து கும்பிட்டார்களாம்.

சின்ன வயதில் நான் கேட்டேன், "மரத்தை ஏன்ப்பா கும்பிடணும்?" என்று. "கட்டுனவன் செத்துப் போயிருப்பான். வேற யாரைக் கும்பிடுறது?" என்றார் அப்பா. அப்போது எனக்கு அது பதிலாகவே படவில்லை.

பொங்கல் பானை

ஞாயிறு காலை காட்டோரத்தில் ஒரே கார் வரிசை. துரைமார் அரைக்கால் சட்டையும் கம்பளிக் காலுறையுமாக நின்றார்கள். வி.ஏ. துரை பெருத்த சரீரம். இருந்தாலும் நானும் ஓடுவேன் என்று சொல்லி, கீழ்த் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரைச் சோடி சேர்த்துக்கொண்டார். சின்னத்துரை விசில் ஊத, சோடி சோடியாக உள்ளே போனார்கள். இவர் என் பக்கத்தில் நின்று உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. அப்புறம் குலவை.

"என்னங்க அது?" என்றேன். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

முதலில் திரும்பி வந்த டீமேக்கர், படத்தைக் கீழே போட்டார். "என்னா கணக்கப்புள்ள, எட்டு எடமுன்னீங்க. உள்ள எல்லா மரத்துலயும் செவப்பு கட்டியிருக்கு. எத நான் போய்ப் பாக்குறது?"

நடந்தது இதுதான். சனிக்கிழமை விறகுக்குப் போன காத்தாயி, கொழுந்து பறிக்கிற மலையில் எல்லாரையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற ஒருத்தி, முதலில் கண்டிருக்கிறாள். பட்டுச் சேலையில் கிழித்த துணி. ஜரிகை வேறு. அடியில் சூடம் எரிந்த கல், தேங்காய் ஓடு. மேலே தொங்குகிற சிரட்டையில் ஏலமும் கராம்பும். வேறு என்ன நினைப்பாள்? கூறைப் பட்டைக் கிழித்து விளையாட்டுக்குக் கட்டுகிற பைத்தியக்காரி இந்த உலகத்தில் இருப்பாள் என்று யார்தான் நினைப்பார்கள்? காட்டை வெட்டப்போகிறார்கள் என்ற பேச்சு ஏற்கனவே லயத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மன் தானே வந்து காவல் உட்கார்ந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வீட்டிலிருந்த சிவப்பு, மஞ்சள், பழசு, கிழிசல் எல்லாவற்றையும் கொண்டுவந்து கட்டினார்கள். எட்டு மரத்தில் எத்தனை பேர் கட்டுவது? பக்கத்து மரத்திலும் கட்டினார்கள். ஏலக்காயையும் மிளகையும் பிரசாதம் என்று வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஞாயிறு காலையில் பிளந்த பாறையில் பொங்கல் பானை ஏறிவிட்டது.

வி.ஏ. துரை கடைசியாக வந்தார். முழங்கால் வரை சேறு, காலுறையெல்லாம் அட்டை. நெற்றியில் பட்டையாகத் திருநீறு. ஒரு கையில் வாழை இலைப் பொட்டலம், அதிலிருந்து வெல்லப் பாகு வழிந்து சட்டைக் கையில் இறங்கியிருந்தது. யாரோ ஒருத்தி பாவம் பசியோடு அலைகிறாரே என்று பொங்கல் வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். என்னால் அடக்க முடியவில்லை. ஆனால் பெரியதுரையும் சிரித்தார், அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே.

விளையாட்டுமில்லை ஒன்றுமில்லை, காட்டை வெட்டிக்கொள் என்று வி.ஏ. துரை அங்கேயே சொல்லிவிட்டார். சின்னத்துரைக்கு அழுகையே வந்துவிட்டது. "அது கோயில் இல்லை, டீச்சருடைய கல்யாணப் புடவை" என்று இங்கிலீசில் கத்தினார். எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் கத்தினார். பெரியதுரை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பீலியடியில்

மறுநாள் பீலிக்குப் போனேன். காத்தாயி என் குடத்தை வாங்கி முதலில் வைத்தாள்.

"இனி எவன் டீச்சரம்மா காட்டத் தொடுவான்? ஆத்தாவே எறங்கி வந்துட்டா. பாருங்க, தண்ணிகூட நேத்தையவிட நல்லா விழுது."

தண்ணீர் அதே விரல் தண்டிக்குத்தான் விழுந்தது. "அது என் புடவை, காத்தாயி" என்று சொல்ல வாயெடுத்தேன். படித்தவள், பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று போதிக்கிறவள், அதைச் சொல்லத்தானே வேண்டும்? அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படியொரு நிம்மதி அந்த லயத்தில் யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை. குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

கோடாரி

பெரியதுரை பிரட்டில் ஆள் கேட்டார். ஒருவரும் கோடாரியைத் தொடவில்லை. பேர் வெட்டிச் சம்பளத்தை நிறுத்துவேன் என்றார். அப்போதும் தலையைக் குனிந்துகொண்டே நின்றார்கள். பிறகு நாவுலப் பக்கத்துச் சிங்கள ஊர்களிலிருந்து மரம் வெட்டுகிற ஆட்களை லொறியில் இறக்கினார்.

நான் மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காவல்காரன் ஓடிவந்தான். "டீச்சரம்மா, பெரிய தொரை கையோட வரச் சொன்னாரு."

காட்டோரத்தில் டிவிஷன் முழுக்க நின்றது. ஒரு பக்கம் கோடாரிக்காரர்கள், மறு பக்கம் கொழுந்துக் கூடையோடு பெண்கள், நடுவில் பெரியதுரை. இவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். பின்னால் மரங்களில் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. முதல் மரத்தில் என் மாங்காய்க் கரை.

"டீச்சர், நீ படிச்ச பொம்பளே. இவங்களுக்கு நல்லா வெளங்குற மாதிரி சொல்லு. அந்தத் துணி யாரோடது?"

என் விரலில் சுண்ணக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. அதைப் புடவையில் துடைத்தேன், பிறகும் துடைத்தேன். இல்லை, அது என்னுடையதல்ல என்று சொன்னால் பச்சைப் பொய். சின்னத்துரை சாட்சி. இவருக்கு அன்றைக்கே பற்றுச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டு இறக்கிவிடுவார்கள். ஆமாம் என்று சொன்னால் மத்தியானத்துக்குள் மரம் சாயும். எனக்குப் பயமாக இருந்தது. இவரைப் பார்த்தேன். என் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

"என்னோடதுதான் தொரை" என்றேன். "எங் கூறப் பொடவ."

காத்தாயி கூடையைக் கீழே இறக்கினாள். பெரியதுரை கோடாரிக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"ஆனா அத நான் அம்மனுக்குச் சாத்திட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. "குடுத்தது குடுத்ததுதான். சாமிக்குச் சாத்துன பொடவய திருப்பி வாங்குற வழக்கம் எங்களுக்குள்ள இல்லீங்க தொரை."

குலவைச் சத்தம் எழும்பியது. காத்தாயிதான் தொடங்கினாள். கோடாரிக்காரர்களில் மூத்தவருக்குத் தமிழ் தெரியாது. டீச்சர் என்ன சொன்னாள் என்று கங்காணியிடம் சிங்களத்தில் கேட்டார். கங்காணி சொன்னார். கோடாரிக்காரர்கள் ஊரில் காட்டுக்குள் நுழையும்போது காட்டுத் தெய்வத்துக்கு ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துக் கிளையில் மாட்டிவிட்டுத்தான் போவார்கள். அந்த மூத்தவரும் ஒரு கொப்பை ஒடித்தார், என் புடவை கட்டிய மரத்தில் மாட்டினார், கும்பிட்டார். பிறகு கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு லொறிப் பக்கம் திரும்பி நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

பெரியதுரை வேறு ஆள் தேடாமலில்லை. ஆனால் அந்தக் கதை எல்லா ஊருக்கும் அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. எங்களையும் அவர் சும்மா விடவில்லை. இவரை டிவிஷனிலிருந்து எடுத்துக் கீழே ஸ்டோரில் கொழுந்து நிறுக்கப் போட்டார். அதுவரை கணக்கப்பிள்ளை ஐயா என்று வாழ்ந்த மனுஷன். ஒரு நாளும் அதைச் சொல்லி என்னை நோகடித்ததில்லை.

முந்தானை

அன்று நான் சொன்னது பொய்யா, மெய்யா? நாள் முழுக்க அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. துணியைக் கிழித்தபோது நான் அம்மனை நினைக்கவில்லை, பீலியைத்தான் நினைத்தேன். காத்தாயி முன்னால் அதைச் சொல்லிவிட்டு, பாதி உண்மையோடு மறுநாளும் அவளிடம் குடத்தை நீட்ட எனக்கு மனசு கூசியது.

வெள்ளிக்கிழமை வந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து முந்தானையை எடுத்தேன். இவர் ஸ்டோரிலிருந்து வந்து, என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் கூடவே ஏறினார். இந்த முறை படமும் இல்லை, காம்பஸும் இல்லை. ஊற்றடி அத்தி மரத்துக்குப் போனோம்.

கிழிக்காமல் முழுசாகச் சுற்றிக் கட்டினேன். மாங்காய்க் கரை முன்பக்கம் தெரிகிற மாதிரி இழுத்துவிட்டேன். வேருக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டி சூடத்தை எடுத்துக் கல்மேல் வைத்தார். நான் நகைப்பேன் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது, என் பக்கம் திரும்பாமலே நெருப்புப் பெட்டியைத் திறந்தார்.

"அத இங்க குடுங்க" என்று கேட்டு வாங்கினேன்.